அடிக்கிற சேவலை என்ன செய்வது?

கிராமங்களில் கோழி வளர்ப்பைப் பற்றி நாம் கூட்டம் நடத்தும்போது, கூடு, தீன், தடுப்பூசி, முட்டை விலை என்று எல்லாம் பேசி முடிந்து பாய்களைச் சுருட்டும் நேரத்தில் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிக் கிட்ட வருவார். "இன்னொண்டும் கேக்கவேணும். எங்கட சாவல் ஆக்களுக்கு அடிக்குது. என்ன செய்யிறது?" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். கேட்டவரும் வெட்கப்பட்டுச் சிரிப்பார். ஆனால் அவருடைய காலைப் பார்த்தால் கணுக்காலுக்கு மேலே இரண்டு மூன்று காய்ந்த காயங்கள் இருக்கும்.

இது சிரித்துவிட்டுப் போகிற விடயம் அல்ல என்பதை நாம் 2011 ஆம் ஆண்டில் ஒரு வீட்டில் கற்றுக்கொண்டோம். கிளிநொச்சி மாவட்டத்தில், முகாமிலிருந்து திரும்பிக் குடியேறிய குடும்பம் அது. கால் ஏக்கர் காணி என்றாலும் பற்றை வெட்டாமல் கிடந்தது. வெடிபொருள் பயத்தால் ஒருவரும் உள்ளே போவதில்லை. புழங்கிய நிலம் ஒரு பரப்பும் வராது. முன்னால் தகரக் கொட்டில், பின்னால் மலசலகூடம், இரண்டுக்கும் நடுவே கோழிக்கூடு. தாய், தாயின் தாயார், ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஆகிய மூவரும் அங்கே இருந்தார்கள்.

பிள்ளை பகலிலும் பின்வளவுக்குப் போக மறுக்கிறது, இரவில் பாயை நனைக்கிறது என்று தாய் சொன்னார். 2009 இல் அந்தப் பிள்ளை கண்டவற்றை நினைத்து, போர்க்காலத்துப் பயம் இன்னும் போகவில்லை என்று தாய் நினைத்தார். நாமும் அப்படியே நினைத்து, யாரிடம் கூட்டிக்கொண்டு போகலாம் என்று யோசித்தோம். அந்தப் பயம் இல்லை என்று இப்போதும் சொல்லமாட்டோம். ஆனால் அன்று நாம் மலசலகூடப் பக்கம் நடந்தபோது கூட்டின் அருகில் நின்ற சிவப்புச் சேவல் கழுத்து மயிரை விரித்துக்கொண்டு வந்து எம்மில் ஒருவரின் சாரத்தைக் கிழித்தது. அதைக் கண்டு அம்மம்மா, "அது சின்னவளைக் கண்டா இன்னும் மோசம்" என்றார், பெரிய விடயமாக எடுக்காமல். அதன் பிறகுதான் எமக்கு விளங்கியது. பெரியவருக்கு முழங்காலுக்குக் கீழே வருகிற சேவல், ஐந்து வயதுப் பிள்ளைக்கு முகத்துக்கு நேரே வருகிறது.

ஆகவே இந்தக் கட்டுரையில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். வீட்டில் சிறுபிள்ளை இருந்து, சேவல் ஒரு தடவையாவது பிள்ளையின் மேல் பாய்ந்திருந்தால், காரணம் ஆராய்வதற்கு முன் அன்றைக்கே அந்தச் சேவலை அடைத்து வையுங்கள். கரப்பால் மூடி மேலே கல் வைத்தாலும் போதும். மற்றவையெல்லாம் அதற்குப் பிறகு. ஒரு சேவலின் விலைக்குப் பிள்ளையின் கண்ணை வாங்க முடியாது.

ஏன் அடிக்கிறது?

சேவல் கெட்ட குணத்தால் அடிப்பதில்லை. தன் வேலையைத் தவறான ஆளிடம் காட்டுகிறது. சேவலின் வேலை என்ன என்று ஒரு காலை வேளையில் திண்ணையில் இருந்து பாருங்கள். பேடுகள் குனிந்து கிளறும்போது அது தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கும். நல்ல தீன் கண்டால் தான் விழுங்காமல் "கொக் கொக்" என்று கூப்பிட்டுப் பேடுகளுக்குக் கொடுக்கும். வானத்தில் பிராந்து வட்டமிட்டால் ஒரு குரல், நிலத்தில் கீரியோ நாயோ வந்தால் வேறு ஒரு குரல். பேடுகளுக்கு இரண்டும் தெரியும். முதலாவதற்குப் பதுங்கும், இரண்டாவதற்கு நிமிர்ந்து பார்க்கும். ஆராய்ச்சியாளர்கள் இதைப் பின்னாளில் சோதித்து எழுதினார்கள். எமது ஆச்சிமாருக்கு இது முன்பே தெரியும். அடுப்படியில் இருந்தபடியே, "பிராந்து வருகுது, குஞ்சைப் பார்" என்பார்கள்.

வன்னிக் காட்டோரத்தில் இருப்பவர்களுக்குக் காட்டுக்கோழியைத் தெரியும். அதுவே இலங்கையின் தேசியப் பறவை. எமது வீட்டுக் கோழியின் முக்கிய முன்னோர் அது அல்ல, ஆசியாவின் வேறு பகுதிகளில் உள்ள சிவப்புக் காட்டுக்கோழி. எனினும் நெருங்கிய இனங்கள்தான். காட்டுச் சேவல் மற்றச் சேவலோடு இரத்தம் வரச் சண்டை பிடிக்கும், மனிதரைக் கண்டால் மறைந்துவிடும். வீட்டுச் சேவலுக்கு மனிதரிடம் பயம் இல்லை. பயம் இல்லாதபடியால், எல்லையைப் பற்றிய சண்டை வரும்போது மனிதரையும் ஒரு சேவலாகவே எண்ணி மோதுகிறது.

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டு. நோர்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெரப்-எப்பே என்பவர் சிறுவயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்து, 1920 களின் தொடக்கத்தில் இதை எழுதி வெளியிட்டார். பெரிய கோழிகளோடு வளரும் சேவற்குஞ்சு அளவுக்கு மீறித் துள்ளினால் கிழட்டுப் பேடு ஒன்றே அதன் தலையில் போடும். பெரிய சேவல் துரத்தும். இப்படித்தான் அது அடங்கக் கற்றுக்கொள்கிறது.

இங்கேதான் இடம்பெயர்ந்த குடும்பங்களின் கோழிகளுக்கு ஒரு குறை உண்டு. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களில் பலர் கூட்டைத் திறந்து விட்டுவிட்டு வந்தார்கள். 2009 இல் வன்னிக்குள்ளேயே இடத்துக்கு இடம் ஓடியவர்களுக்கு அதற்கும் நேரம் இருக்கவில்லை. புதிய இடத்தில் கையில் கிடைப்பது, உதவியாகக் கொடுக்கப்படும் ஒரு பெட்டிக் குஞ்சுகள். எல்லாம் ஒரே வயது. தலையில் போடுவதற்குப் பெரிய கோழி ஒன்றும் இல்லை. அதோடு, ஆண் பெண் பிரிக்காமல் வரும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவல். நோய்க்கும் கீரிக்கும் போனது போக, மூன்று பேடும் இரண்டு சேவலும் மிஞ்சுகிற வீடுகள் ஏராளம். பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் என்பதே நல்ல கணக்கு. மூன்று பேட்டுக்கு இரண்டு சேவல் நின்றால் பேடுகளின் முதுகு மயிர் உதிர்ந்து தோல் தெரியும். சேவல்களுக்கும் நிம்மதி இல்லை.

நாம் சொன்ன வீட்டுச் சேவலின் கதை இன்னும் ஒரு படி மேலே. பத்துக் குஞ்சில் அது ஒன்றுதான் முதல் மாதம் தப்பியது. தனியே கத்துகிறதே என்று அந்தச் சின்னப்பிள்ளைதான் அதை மடியில் வைத்து வளர்த்தது. சோற்றுப் பருக்கை ஊட்டி, தன் பாயின் தலைமாட்டில் பெட்டியில் படுக்கவைத்தது. மூன்று பேடுகள் பிறகுதான் வாங்கப்பட்டன. ஆறாம் மாதம் சேவலுக்குப் பருவம் வந்தபோது முதலில் மோதியது அந்தப் பிள்ளையோடுதான். மனிதர் கையில் தனியே வளர்ந்த சேவற்குஞ்சு மனிதரைத் தன் இனமாக நினைத்து வளர்கிறது. பருவம் வந்ததும் தன் இனத்தோடு எப்படி மோதுமோ அப்படி மோதுகிறது. பிள்ளைக்கு அது எப்படி விளங்கும்? "நான் ஒண்டும் செய்யேல்லை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது.

நாம் கொடுத்த பிழையான ஆலோசனை

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு இப்படிக் கேட்டு வந்தவர்களுக்கு, "கையில் ஒரு தடி வைத்திருங்கள், வந்தால் போடுங்கள்" என்று நாமும் சொல்லி இருக்கிறோம். அது பிழை. தடியால் அடிப்பதும் காலால் உதைப்பதும் சேவலுக்குச் சண்டைதான். சண்டையில் தோற்றால் நாளை மறுபடி வரும், பின்பக்கத்தால் வரும். திரும்பி ஓடினாலோ, அது வென்றுவிட்டது. அடுத்த நாள் இன்னும் தூரத்திலிருந்து துரத்தும். பெடியன்கள் விளையாட்டுக்குச் சீண்டுவதும், துவாயை ஆட்டிக் காட்டுவதும் சேவலைச் சண்டைக்குப் பழக்குவதே. தண்ணீரில் முக்குவது, காலில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவது போன்றவை வெறும் கொடுமை. அதனால் சேவல் எதையும் கற்பதில்லை.

அடிக்க வரும் சேவல் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வரும். ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடந்து வளைய வரும். தலையைத் தாழ்த்தும். கழுத்து மயிர் குடை போல விரியும். சில வேளை தீன் பொறுக்குவதுபோல நிலத்தைச் சும்மா கொத்தும், கண் உங்கள் மேலேயே இருக்கும். இதைக் கண்டால் நில்லுங்கள். ஓடவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியது தடி அல்ல, சுளகு. எமது வீடுகளில் இதைவிட நல்ல கேடயம் இல்லை. கூட்டுக்குப் போகும்போது சுளகை முழங்காலுக்கு முன்னால் தாழ்த்திப் பிடியுங்கள். சேவல் பாய்ந்தால் சுளகில் மோதும். நீங்கள் அதை அடிக்காமல், அசையாமல் பிடித்தபடி நில்லுங்கள். இரண்டு மூன்று தரம் மோதிவிட்டு நிற்கும். நின்றதும் மெதுவாக ஒரு அடி முன்னால் வையுங்கள். அது விலகினால் உங்கள் வேலையைப் பாருங்கள், முதுகு காட்டாமல். தீன் போடும்போது கையிலிருந்து ஒரு பிடி தானியத்தை உங்களுக்கு எதிர்ப்பக்கம் தூர வீசிவிட்டு உள்ளே போங்கள். பேடுகள் அங்கே ஓடும், சேவலும் அவற்றோடு போகும்.

பிறகு இரவு வேலை ஒன்று இருக்கிறது. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. கூட்டில் அடைந்த பின் சேவலை இரண்டு கையாலும் சிறகோடு சேர்த்துத் தூக்கி, கமக்கட்டுக்குள் வைத்து, கால்களை விரலிடுக்கில் பிடித்துக்கொள்ளுங்கள். தலை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். முகத்துக்குக் கிட்ட எக்காரணம் கொண்டும் கொண்டுவர வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே வைத்துக்கொண்டு முற்றத்தில் நடவுங்கள், கதையுங்கள். திமிறுவதை நிறுத்திய பின்தான் கீழே விடவேண்டும். திமிறும்போது விட்டால், திமிறினால் விடுவார்கள் என்று படித்துக்கொள்ளும். நாளாந்தம் இப்படிச் செய்து, சில நாட்களின் பின் பகலிலும் தூக்கிப் பழக்கலாம். வீட்டில் கோழிக்குத் தீன் போடும் ஒவ்வொரு பெரியவரும் இதைச் செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் அந்த ஒருவரை மட்டுமே அது மதிக்கும். சிறுபிள்ளைகளை இந்த வேலைக்கு விடவேண்டாம்.

தூக்கும்போது உடம்பையும் பாருங்கள். முன்பு அமைதியாக இருந்த சேவல் திடீரென்று அடிக்கத் தொடங்கினால் நோவு ஏதும் இருக்கலாம். இறகடியில் செள் இருக்கிறதா, பாதத்தின் அடியில் வீங்கிச் சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செள் இருந்தால் கூட்டைக் காலி செய்து துப்புரவாக்கி, சாம்பலும் மண்ணும் கலந்து குளிக்க ஒரு குழி வெட்டிக் கொடுங்கள். பாதம் வீங்கியிருந்தால் கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டுங்கள்.

ஒரு வயதுக்கு மேற்பட்ட சேவலின் கால் முள் கூரானது. அதை அடியோடு வெட்டக் கூடாது. உள்ளே எலும்பும் இரத்தமும் உண்டு. நுனியை மட்டும் அரத்தால் அராவி மழுக்கிவிடலாம். ஒருவர் பிடிக்க ஒருவர் அராவினால் ஐந்து நிமிட வேலை. சேவலின் குணம் இதனால் மாறாது, ஆனால் காயம் ஆழமாகாது.

வளவை மாற்றிப் பாருங்கள்

எமது அனுபவத்தில் சேவலை மாற்றுவதைவிட வளவை மாற்றுவது இலகு. கூடு எங்கே நிற்கிறது? கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் போகும் பாதையில் கூடு நின்றால், போகிற வருகிற ஒவ்வொருவரும் சேவலின் எல்லைக்குள் நுழைகிற பகைவரே. கூட்டைப் பாதையிலிருந்து விலக்கி ஒரு மூலைக்குக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் பாதையை மாற்றுங்கள். சிறிய காணியில் அதுவும் முடியாது என்றால் பாதைக்கும் கூட்டுக்கும் நடுவே பழைய மீன்வலையை நாலு அடி உயரத்துக்குக் கம்பு நட்டுக் கட்டுங்கள். சேவல் பறந்து தாண்டினால் ஒரு பக்கச் சிறகின் நீண்ட இறகுகளை மட்டும் வெட்டிவிடுங்கள். முளைத்து முற்றாத இறகில் இரத்தம் இருக்கும், அதைத் தொட வேண்டாம்.

அடுத்த வீட்டுச் சேவலையும் கவனியுங்கள். நெருக்கமான குடியேற்றங்களில் வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று நின்று நாள் முழுவதும் சண்டைக்கு இழுத்துக்கொண்டிருக்கும். எட்டாத பகைவனிடம் காட்ட முடியாத கோபத்தை, கிட்ட வருகிற மனிதரிடம் காட்டும். வேலியின் அடியில் மூன்று அடிக்குக் கிடுகோ சாக்கோ மறைத்துக் கட்டினால் பாதிச் சண்டை அடங்கும். இதனால் அயலவரோடு ஏற்படும் வாய்த்தர்க்கமும் குறையும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள்: உங்களுக்குச் சேவல் வேண்டுமா? சேவல் இல்லாவிட்டாலும் பேடு முட்டையிடும். அடை வைப்பதற்கு மட்டுமே சேவல் தேவை. மூன்று நான்கு பேடு வைத்திருக்கும் அயல் வீடுகள் மூன்று சேர்ந்து ஒரு நல்ல சேவலை வைத்திருந்தால் போதும். தீன் செலவும் பங்காகும். அம்மம்மா சொன்ன மறுப்பும் நியாயமானது: "இது நிக்கிறபடியாத்தான் கீரி கிட்ட வரேல்லை." சேவல் கூவிக் காட்டிக்கொடுப்பது உண்மை. ஆனால் கீரியைத் தடுப்பது இரவில் இறுகப் பூட்டிய கூடுதான். அந்த வீட்டில் கூட்டுக் கதவுக்குக் கொழுக்கி இருக்கவில்லை, ஒரு கயிறு மட்டும்.

காயம் பட்டால்

கொத்தும் கீறலும் சிறியவை என்று விட்டுவிட வேண்டாம். கோழியின் காலிலும் அலகிலும் எரு இருக்கும். சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். முள் ஆழமாகக் குத்தியிருந்தால் வெளியே துளை சிறிதாக இருந்தாலும் உள்ளே அழுக்குப் போயிருக்கும். வைத்தியசாலைக்குப் போய் ஏற்புத் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். வீங்கிச் சிவந்து நோவு கூடினாலும் காய்ச்சல் வந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

கண்ணில் பட்டால் ஒன்றும் விடாதீர்கள். தாய்ப்பால் விடுவது, இலைச்சாறு பிழிந்து விடுவது எல்லாம் நல்ல மனத்தோடு செய்பவைதான், ஆனால் கிழிந்த கண்ணுக்குள் கிருமி போக அதுவே வழி. கசக்கவும் அழுத்தவும் விடாமல், கண்ணைத் தொடாதபடி ஒரு சுத்தமான சின்னக் கோப்பையைக் கவிழ்த்துக் கட்டி, அந்த நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். விடியட்டும் என்று பார்க்க வேண்டாம்.

வயது போனவர்களுக்கு வேறு ஒரு ஆபத்து. காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும் ஆச்சிமார் கூட்டுக்குள் போகக் கூடாது. அவுஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன 76 வயதுப் பெண் ஒருவரின் காலில் சேவல் கொத்தி, புடைத்த நரம்பு உடைந்து, இரத்தம் பெருகி அவர் இறந்தார் என்று 2019 ஆம் ஆண்டில் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் எழுதப்பட்டது. அப்படி இரத்தம் வந்தால் ஆளைப் படுக்கவைத்து, காலை உயர்த்தி, துணியால் இறுக அழுத்திப் பிடித்தபடி உதவிக்குக் கூப்பிட வேண்டும். அந்தப் பெண்ணுக்குச் செய்ய யாராவது கிட்ட இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம்.

எவ்வளவு காலம் பொறுப்பது?

மூன்று கிழமை. அதற்குமேல் வேண்டாம் என்பது எமது கருத்து. வளவைச் சரிசெய்து, சுளகோடு நின்று, நாளாந்தம் தூக்கிப் பழக்கியும் மூன்று கிழமையில் மாற்றம் இல்லையானால் அந்தச் சேவல் மாறப் போவதில்லை. பெரியவர்களுக்கு அடங்கிப் பிள்ளைகளை மட்டும் துரத்துகிற சேவல் அடங்கிய சேவல் அல்ல.

அதன் பிறகு கறிதான். இதில் பாவம் புண்ணியம் பார்த்துப் பிள்ளையை வருத்த வேண்டாம். வயது வந்த சேவலின் இறைச்சி இறுகியது. மெதுவான நெருப்பில் நேரம் எடுத்து வேகவிட்டால் சாறு நன்றாக இருக்கும். விற்பதானால் வாங்குகிறவரிடம் உண்மையைச் சொல்லி விற்க வேண்டும். குணத்தை மறைத்து வேறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குத் தள்ளிவிடுவது நேர்மையல்ல. நல்ல விலை தருகிறோம் என்று சேவற்சண்டைக்குக் கேட்டு வருபவர்களும் உண்டு. அவர்களுக்குக் கொடுப்பதிலும் பார்க்கச் சட்டிக்குள் போவது அந்தப் பிராணிக்கும் நல்லது. ஒரு வீட்டில் சேவலைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டு, திருவிழா வரும்வரை கை வைக்க முடியாமல் காயங்களோடு இருந்தார்கள். கோயிலில் கேட்டுப் பாருங்கள் என்றோம். முன்கூட்டியே கொண்டுவந்து விடலாம் என்று பதில் வந்தது. கேட்காமல் இருந்ததுதான் குறை.

சேவல் போனால் இனம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். சேவலை எடுத்த பின்னும் ஒரு கிழமை, பத்து நாள் வரை பேடு இடும் முட்டைகள் பெரும்பாலும் பொரிக்கும். அவற்றை அடை வைக்கலாம். ஆனால் பொரிக்கும் குஞ்சுகளில் பேடுகளை வைத்துக்கொண்டு சேவல்களை இறைச்சிக்கு விடுங்கள். குணமும் ஓரளவு பரம்பரையாக வரும். இங்கே எமது பழக்கம் ஒன்றையும் குறை சொல்லவேண்டும். குஞ்சுகளுக்குள் எது பெரிது, எது எல்லாவற்றையும் அடித்துத் துரத்துகிறது என்று பார்த்து, "இதுதான் ஆண்" என்று அதையே இனத்துக்கு விடுகிறோம். பிறகு அடிக்கிறதே என்கிறோம். ஐந்தாம் மாதம் முதல் எட்டாம் மாதம் வரை பொறுத்துப் பாருங்கள். தீன் கண்டால் பேடுகளைக் கூப்பிடுவது எது? நாய் வந்தால் பேடுகளுக்கு முன்னால் நிற்பது எது? நீங்கள் நடந்து வந்தால் விலகி வழி விடுவது எது? அதை வையுங்கள். கொண்டை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை.

வெளியிலிருந்து சேவல் கொண்டுவந்தால் இரண்டு கிழமை தனியே கட்டி வைத்து, நோய் இல்லை என்று கண்ட பின் சேருங்கள். கோழிக் கொள்ளைநோய்த் தடுப்பூசி போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். புதிய சேவலின் குஞ்சுதான் வேண்டும் என்றால், அது பேடுகளோடு சேர்ந்து மூன்று கிழமை கழிந்த பின் இடும் முட்டைகளை அடை வைக்கவேண்டும். அதற்கு முந்திய முட்டைகளில் பழைய சேவலின் குஞ்சும் வரலாம்.

கிளிநொச்சி வீட்டில் கூட்டை அன்றே மற்ற மூலைக்கு இழுத்து வைத்தோம். சேவல் கரப்புக்குள் போயிற்று. தாயும் அம்மம்மாவும் மூன்று கிழமை சுளகோடும் இரவு நடையோடும் முயன்றார்கள். அம்மம்மாவுக்கு அது நன்றாகப் பழகி, தோளில் ஏறும் அளவுக்கு வந்தது. பிள்ளையின் குரலைக் கேட்டால் மட்டும் கரப்புக்குள் நின்றே மயிரை விரித்தது. கடைசியில் அம்மம்மாதான், "சரி, காணும்" என்று சொன்னார். அவர்தான் அறுத்தார். பிள்ளையிடம் மறைக்க வேண்டாம் என்று நாம் சொல்லியிருந்தோம், மறைக்கவில்லை. பிள்ளை அன்று சோறும் பருப்பும் மட்டும் சாப்பிட்டதாம்.

நாம் மறுபடி போனபோது நான்கு மாதம் ஆகியிருந்தது. பாய் நனைவது உடனே நிற்கவில்லை, இடையிடையே இருக்கிறது என்று தாய் சொன்னார். நாம் கதைத்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை வாளியைத் தூக்கிக்கொண்டு தனியே பின்வளவுக்குப் போயிற்று. அயல் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாம்பல் நிறச் சேவல் ஒன்று பேடுகளோடு அங்கே நின்றது. பிள்ளை ஒரு கணம் நின்று அதைப் பார்த்தது. சேவலும் தலையைச் சரித்துப் பிள்ளையைப் பார்த்தது. பிறகு இரண்டு அடி விலகி, நிலத்தைக் கிளறத் தொடங்கியது.